பீப்பாய்ப் பந்தயக் குதிரையைக் களத்துக்கு வெளியே தேற்றிய அனுபவம்

அமெரிக்க ரோடியோக்களில் பெண்களுக்குரிய முதன்மை நிகழ்ச்சியான பீப்பாய்ப் பந்தயத்தில், முக்கோணமாக நிறுத்தப்பட்ட மூன்று 55 காலன் பீப்பாய்களைக் குதிரை ஒவ்வொன்றாகச் சுற்றிவிட்டு, புறப்பட்ட கோட்டுக்கே முழுப்பாய்ச்சலில் திரும்ப வேண்டும். முழு அளவுத் தடத்தில் முதல் இரண்டு பீப்பாய்களுக்கு இடையே 90 அடியும், அவை ஒவ்வொன்றிலிருந்தும் மூன்றாவது பீப்பாய்க்கு 105 அடியும், தொடக்கக் கோட்டிலிருந்து முதல் பீப்பாய்க்கு 60 அடியும் இருக்கும். தேர்ந்த குதிரை இதை ஏறத்தாழ 17 நொடியில் முடித்துவிடும்; ஒரு பீப்பாயைச் சாய்த்துவிட்டால் 5 நொடி தண்டம்.

17 நொடி ஓட்டத்துக்காக ஒரு குதிரையை மாதக்கணக்கில் மேட்டிலும் பள்ளத்திலும் நடத்துவது வீண்வேலை என்று நினைப்பவர்கள் டெக்சாஸிலேயே நிறைய இருக்கிறார்கள். அந்த ஓட்டத்துக்குத் தேவையான ஆற்றல், தசையில் ஏற்கெனவே சேமித்து வைத்திருப்பதிலிருந்தும் ஆக்சிஜன் இன்றி எரியும் கிளைக்கோஜன் என்ற தசைச் சர்க்கரையிலிருந்தும்தான் வருகிறது என்பதால், நீண்ட நிதானப் பயிற்சி எதற்கு என்ற அவர்களுடைய கேள்வி மேலோட்டமாகப் பார்க்கும்போது நியாயமானதாகவே தோன்றும். ஆனால் பீப்பாய்க் குதிரைகள் மூச்சுத் திணறி ஓய்வு பெறுவதில்லை. ஹாக் எனப்படும் பின்னங்கால் நடுமூட்டும், கீழ்க்காலைத் தாங்கும் இணைநாரும், முன்னங்குளம்பின் உட்பகுதியும் கெட்டுத்தான் அவை ஓய்வுக்குப் போகின்றன. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் தேறிவிடும். தசைக்குச் சில மாதங்கள் வேண்டும். தசைநாணும் இணைநாரும் எலும்பும் கெட்டிப்பட அதைவிட நெடுங்காலம் பிடிக்கும். மூச்சு வாங்காமல் ஓடுகிறதே என்று கால் தேறாத குதிரையை மணற்களத்தில் முழுவேகத்தில் திருப்புவதுதான் ஆபத்து. நான் செய்த வேலை முழுவதும் கால்களுக்கான வேலை என்றே சொல்வேன்.

குதிரை என்னுடையதன்று. பக்கத்துப் பண்ணைக் குடும்பத்தின் மகள் போட்டிகளில் ஓட்டும் ரூபி என்ற செந்நிறக் குவார்ட்டர் இனப் பெண்குதிரை அது. வயது 9, தோள் உயரம் 59 அங்குலம், எடை 1,050 பவுண்டுக்குச் சற்று மேல். இலையுதிர் காலப் போட்டிகள் முடிந்ததிலிருந்து மேய்ச்சல் நிலத்தில் சும்மா நின்றதால் வயிறு பெருத்து, முதுகுத் தசை இளகிப் போயிருந்தது. 1983-இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் ஹென்னக் வகுத்த, 1 முதல் 9 வரையான உடற்கட்டு அளவுகோலில் அதற்கு 7 கொடுக்கலாம். வசந்தகாலப் போட்டிகளுக்குள் அதை 5-க்கும் 6-க்கும் இடையில் கொண்டுவந்து, கால்களைத் தேற்றித் தர வேண்டும் என்பதே ஒப்பந்தம். பீப்பாய்களை அந்தப் பெண் பார்த்துக்கொள்வாள். வெளி ஓட்டம் என் பொறுப்பு.

தொடங்குவதற்கு முன் கால்நடை மருத்துவர் நான்கு கால்களையும் மடக்கிப் பிடித்துப் பிறகு ஓடவிட்டுப் பார்த்தார், பற்களையும் சீராக்கினார். குவார்ட்டர் இனத்தில் சில பரம்பரைகளுக்குத் தசையில் சர்க்கரை அளவுக்கு மிஞ்சிச் சேரும் மரபுக்கோளாறு உண்டு. அத்தகைய குதிரை, ஓய்வுக்குப் பின் வேலை வாங்கும் முதல் நாளிலேயே தொடை இறுகி நகர முடியாமல் நின்றுவிடும். அதனால் பிடரி மயிரைச் சோதனைக்கு அனுப்பினோம். குறை ஏதும் இல்லை என்று முடிவு வந்த பிறகே சேணம் ஏறியது.

நாங்கள் இருப்பது வைஸ் கவுண்டியில். டெக்சாஸில் நிலம் பெரும்பாலும் தனியாருடையது; கம்பிவேலிக்கு அப்பால் குதிரையை விட ஒவ்வொரு பண்ணையாரிடமும் அனுமதி கேட்க வேண்டும். எங்கள் நல்லூழ், டிகேட்டர் நகருக்கு வடக்கே லிண்டன் பி. ஜான்சன் தேசியப் புல்வெளி இருக்கிறது. 1930-களின் புழுதிப்புயல் காலத்தில் உழுது உழுது அரித்துப்போன விளைநிலங்களை அரசு வாங்கிப் புல் வளர்த்த இடம் அது. இன்று வனத்துறையின் பொறுப்பில் 20,000 ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கிறது. நெடுந்தொலைவுக் குதிரையோட்டிகள் பழகும் டாட்ரா பாயின்ட் என்ற இடத்திலிருந்து வண்ணக் குறியிட்ட வழித்தடங்கள் சுமார் 75 மைல் நீளத்துக்குப் பிரிகின்றன. மணற்பாங்கான சமதளம், செங்களிமண் சரிவு, ஓக் மரத்தோப்பு, பழைய அரிப்பால் உண்டான ஓடைப்பள்ளம் என்று ஒரே சுற்றில் நான்கு வகைத் தரை கிடைத்துவிடும். கால்களுக்கு இந்தக் கலப்புத்தான் வேண்டியது. சீராகச் சமன்செய்த களத்து மணலில் மட்டும் பழகிய குதிரை, தான் கால் வைக்கும் இடத்தைப் பார்ப்பதையே விட்டுவிடுகிறது.

போட்டிச் சேணத்தை நான் பயன்படுத்தவில்லை. ஆழமான இருக்கையும் உயர்ந்த பின்புறமும் திருப்பத்தில் ஓட்டுபவரைப் பிடித்து நிறுத்துவதற்காக அமைக்கப்பட்டவை. மணிக்கணக்கான ஓட்டத்துக்கு எடையை முதுகு முழுவதும் பரப்பும் அகன்ற சேணமே நல்லது. வாயில் எளிய வளையக் கடிவாளம் மட்டும். தலை உயராதபடி மூக்குப்பட்டையிலிருந்து மார்புக்கு இழுத்துக் கட்டும் வாரைக் கழற்றிவிட்டேன். சரிவில் இறங்கும் குதிரை கழுத்தை நீட்டியும் தாழ்த்தியும்தான் தன்னைச் சமன்செய்துகொள்கிறது, அதைக் கட்டிவைத்துக்கொண்டு மேடுபள்ளத்துக்குப் போவதில் பொருளில்லை.

முதல் சில வாரங்கள் நடை மட்டுமே. இந்தக் கட்டத்தை எல்லோரும் அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள் என்பது என் நெடுநாளைய குறை. நடை என்றால் கயிற்றைத் தளரவிட்டுக் கதை பேசிக்கொண்டு போவதன்று. மணிக்கு 4 மைலுக்குக் குறையாமல், பின்னங்குளம்பு முன்னங்குளம்பின் தடத்தைத் தாண்டி விழும்படி, முதுகு அசைய நடக்க வைக்க வேண்டும். சோம்பி நடந்து பழகிய ரூபிக்கு முதலில் இது பிடிக்கவேயில்லை. ஒவ்வொரு சில எட்டுக்கும் காலால் நினைவூட்ட வேண்டியிருந்தது. அரை மணியில் தொடங்கி ஒரு மணிக்குக் கொண்டுவந்தோம். திரும்பியதும் நான்கு கால்களையும் முழங்காலிலிருந்து குளம்புவரை கையால் தடவிப் பார்த்தேன்; மறுநாள் காலையில், கொட்டகையிலிருந்து வெளியே விடுவதற்கு முன் மீண்டும் ஒருமுறை பார்த்தேன். வெதுவெதுப்போ வீக்கமோ முந்தைய நாள் வேலைக்குக் கால் சொல்லும் பதில். அது பெரும்பாலும் மறுநாள் காலையில்தான் தெரியும்.

அடுத்து டிராட் எனப்படும் இரண்டுதாள ஓட்டநடை. 2 நிமிடம் ஓடி 5 நிமிடம் நடப்பதில் தொடங்கி, மெல்ல மெல்ல நீட்டி, ஒரு சவாரியில் மொத்தம் 25 நிமிடம் டிராட் வரும்வரை போனோம். வேகத்தைக் கைக்கடிகாரத்தின் செயற்கைக்கோள் அளவியில் மணிக்கு 8 மைலாகப் பார்த்துக்கொண்டேன். வேகமும் நேரமும் ஒரே வாரத்தில் கூடக்கூடாது, ஏதாவது ஒன்றுதான் கூட வேண்டும் என்ற விதியை இறுகப் பிடித்துக்கொண்டேன். ஆழமான மணலுள்ள ஓடைப்படுகையையும் இதே கணக்கில் சேர்த்தேன். மணல் தசையை வளர்க்கும் என்று அதில் நெடுநேரம் ஓட்டுபவர்கள் உண்டு, ஆனால் குளம்பு புதைந்து எழும் ஒவ்வொரு முறையும் தசைநாண் கூடுதலாக இழுபடுவதால், ஆரம்பத்தில் 5 நிமிட நடைக்கு மேல் அங்கே நான் தங்கவில்லை.

டிராட்டில் ஓட்டுபவர் தாளம் விட்டுத் தாளம் எழுந்து அமர்வார். ஒரே மூலைவிட்டக் கால் ஜோடி (ஒரு முன்னங்காலும் அதன் எதிர்ப்பக்கப் பின்னங்காலும்) ஊன்றும்போதே எப்போதும் அமர்ந்துகொண்டிருந்தால், அந்தப் பக்கம் மட்டும் உழைக்கும். ரூபி வலப்பீப்பாயை முதலில் எடுக்கும் குதிரை. எனவே ஒவ்வொரு ஓட்டத்திலும் வலமாக ஒரு திருப்பம், இடமாக இரண்டு. ஆண்டுக்கணக்கில் ஓடியதன் கணக்கு உடலில் தெளிவாகப் பதிந்திருந்தது: இடப்பக்கம் வளையும்போது வில்லைப்போல் வளையும், வலப்பக்கம் தோளைச் சாய்த்துக்கொண்டு விழும். தடத்தில் வண்ணக் குறி வரும்தோறும் அமரும் ஜோடியை மாற்றினேன். தோப்புக்குள் தனித்து நிற்கும் ஓக் மரங்களை இரு பக்கமும் நடையில் சுற்றினேன், வலப்பக்கம் மட்டும் ஒரு சுற்று அதிகமாக. மரத்தைச் சுற்றுவது பீப்பாயைச் சுற்றுவதற்கு ஒத்திகை ஆகிவிடக்கூடாது என்பதற்காக, மூன்று மரங்களை அடுத்தடுத்து முக்கோணமாக எடுப்பதை வேண்டுமென்றே தவிர்த்தேன்.

மார்ச் மழையில் செங்களிமண் சரிவு ஒன்றில் முன் இடக்கால் லாடம் உறிஞ்சப்பட்டுக் கழன்றுபோனது. லாடம் அடிப்பவர் வரும்வரை ரப்பர்க் குளம்புறையை மாட்டி, சுண்ணாம்புச்சரளை போட்ட கவுண்டிச் சாலையில் நடை மட்டும் தொடர்ந்தோம். இயற்கை எரிவாயுக் கிணறுகளுக்குப் போகும் தொட்டி லாரிகள் அந்தச் சாலையில் ஓயாமல் வரும். முதலில் உடலை இறுக்கிக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்த குதிரை, சில நாட்களில் காதைக்கூடத் திருப்பாமல் நடந்தது. மழை பெய்த மறுநாள் களிமண் பகுதிக்குப் போவதில்லை என்று அன்றிலிருந்து வைத்துக்கொண்டோம். லாடத்தை 6 வாரத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லி, முன்குளம்பின் நுனி நீளாமல் பார்த்துக்கொண்டோம். நுனி நீண்டால் குளம்பு தரையைவிட்டு எழுவது தாமதமாகி, பின்தசைநாண்களுக்குச் சுமை கூடும்.

அதன் பிறகு மேடுகள். அந்தப் புல்வெளியில் மலை என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை, ஆனால் ஓடைப்பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏறும் நீண்ட சரிவுகள் போதுமானவை. மேட்டில் ஏறும் குதிரை, வேகமே இல்லாமல் பின்தொடையையும் இடுப்பையும் உழைக்க வைக்கிறது. பீப்பாயை நெருங்கும்போது பின்பக்கத்தில் உட்கார்ந்து திரும்பி, அங்கிருந்து உந்திப் புறப்படுவதற்கு வேண்டிய தசைகள் இவையே. ஏறுவதைவிட இறங்குவதில் நான் கூடுதல் கவனம் வைத்தேன். நேர்க்கோட்டில், நடையில், நடுவில் ஓரிரு முறை நிறுத்தி, மெல்ல இறங்கும்போது பின்னங்காலின் மேல்மூட்டைச் சுற்றியுள்ள தசைகள் நீண்டுகொண்டே சுமை தாங்கப் பழகுகின்றன. கோணலாக இறங்கினால் எளிதான பக்கத்தையே குதிரை தேர்ந்துகொள்ளும். மிதமான ஏற்றத்தில் சில எட்டுகள் பின்னோக்கி நடத்துவதையும் சேர்த்தேன். பத்து எட்டுக்குள்ளேயே அதன் தொடை நடுங்கியதைப் பார்த்த பிறகு, களத்தில் மூன்றாவது பீப்பாயில் அகன்று போகும் அதன் பழக்கத்தை முரட்டுத்தனம் என்று சொல்வதை அந்தப் பெண்ணும் நிறுத்திவிட்டாள்.

முன்னேற்றத்தைக் கண்ணால் மட்டும் நம்பாமல், நெடுந்தொலைவுக் குதிரையோட்டிகளின் வழக்கங்களைக் கடன் வாங்கினேன். இடது முழங்கைக்குச் சற்றுப் பின்னால் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கினால் நாடித்துடிப்பு கிடைத்துவிடும். ஓய்வில் நிற்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை. முழுப்பாய்ச்சலில் அது 200-ஐத் தாண்டும். ஒரே சரிவில், ஒரே வேகத்தில் ஏறி, உச்சியில் 2 நிமிடம் நின்ற பின் எண்ணியபோது தொடக்கத்தில் 108 இருந்தது. ஏப்ரல் முடிவில் 76. அதைவிட நுட்பமான ஒரு சோதனையும் உண்டு: நாடியை எண்ணிவிட்டு, குதிரையைக் கையில் பிடித்து 125 அடி டிராட்டில் போய்த் திரும்பி, ஓடத் தொடங்கிய நொடியிலிருந்து சரியாக ஒரு நிமிடம் கழித்து மீண்டும் எண்ண வேண்டும். இரண்டாம் எண் முதலாவதற்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால் நன்று. 4 துடிப்புக்கு மேல் கூடியிருந்தால் களைப்பு, அல்லது எங்கோ வலி. பீப்பாய்ப் பந்தயக்காரர்கள் இதைச் செய்து நான் பார்த்ததில்லை, ஆனால் நொண்டி வெளியே தெரிவதற்கு முன்பே எச்சரிக்கும் வழி இதைவிடச் செலவில்லாதது வேறு இல்லை.

லோப் எனப்படும் மூன்றுதாள நிதானப் பாய்ச்சலில் இடப்பக்கமே சாய்ந்து பழகிய கோளாறு முழுமையாக வெளிப்பட்டது. இடக்கால் முன்செல்லும் லோப்பை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தரும். வலக்கால் முன்செல்ல வேண்டும் என்றால் ஐம்பது கெஜத்துக்குள் தானாக மாற்றிக்கொள்ளும். வளையமாக ஓட்டித் திருத்த முயலாமல், நேரான புல்தடத்தில் வலக்கால் லோப்பை எடுத்து, மாற்றிக்கொள்வதற்கு முன்பே டிராட்டுக்கு இறக்கி, மீண்டும் எடுத்து என்று தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினேன். பொறுமையைச் சோதிக்கும் வேலை. நேர்த்தடம் கிடைப்பது களத்துக்கு வெளியில்தான் என்பதால், இதற்காகவாவது எல்லாப் பீப்பாய்க் குதிரைகளும் வெளியே வர வேண்டும்.

தீவனத்தில் பெரிய மாற்றம் தேவைப்படவில்லை. இந்தப் பக்கத்து வழக்கமான கோஸ்டல் பெர்முடா உலர்புல் உடல் எடையில் 1.5 விழுக்காடு, நாளுக்கு ஓர் அவுன்ஸ் உப்பு. சவாரிக்கு முன் வெறும் வயிறாக இருந்தால் ஓட்டத்தில் அமிலம் மேலெழுந்து இரைப்பையின் மேற்பகுதியை அரிக்கும். எனவே சேணம் கட்டும் நேரத்தில் ஒரு கை ஆல்ஃபால்ஃபா (குதிரைமசால்) கொடுத்தோம். ஆல்ஃபால்ஃபாவில் கொப்புளவண்டு செத்துக் கிடந்தால் குதிரைக்கு உயிராபத்து என்பதால், கட்டைப் பிரித்து உதறிப் பார்த்தே வைத்தோம்.

மனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். களத்து நுழைவு வழியைப் பார்த்தாலே ரூபி வேர்த்து, முன்கால்களைத் தூக்கிக் குதிக்கும். அந்த வழியில் அதற்கு நேர்ந்ததெல்லாம் முழுவேக ஓட்டம் மட்டுமே என்பதால் அப்படி ஆனதில் வியப்பில்லை. 1984 முதல் 1993 வரை தொடர்ந்து 10 பீப்பாய்ப் பந்தய உலகப் பட்டங்களைச் சார்மேன் ஜேம்ஸுக்கு வென்று தந்த ஸ்காம்பர், நியூ மெக்சிகோவின் கிளேடனில் மாடு கொழுக்க வைக்கும் பட்டிகளில் வேலை பார்த்த குதிரை. 1985 தேசிய இறுதிப் போட்டியில் தலைக்கடிவாளம் கழன்று விழுந்த பின்னும் தடத்தை முடித்து அந்தச் சுற்றை வென்றது. பட்டி வேலையால்தான் அந்த நிதானம் வந்தது என்று நிறுவ முடியாது, ஆனால் வேறு வேலை தெரிந்த குதிரைக்குப் பீப்பாய் ஒரு பித்தாக மாறுவதில்லை என்பது என் துணிபு. ரூபியை வெளியே கதவு திறக்க, பக்கவாட்டில் நகர்ந்து மூட, கன்றுகளுக்கு நடுவில் சும்மா நிற்கப் பழக்கினோம். மே மாதத்துக்குள் களப்பயிற்சி நாட்களில், பீப்பாய்களை நடையிலும் டிராட்டிலும் சுற்றிவிட்டு, அதே நுழைவு வழியாக நடந்தே வெளியேறி, அரை மணி மேய்ச்சல் நிலத்தில் உலவிவிட்டுக் கொட்டகைக்குப் போவது வழக்கமாயிற்று.

வேகத்தைக் கடைசியில்தான் சேர்த்தோம். அறுவடை முடிந்த புல்வயல் ஒன்றை உரிமையாளரிடம் கேட்டு வாங்கி, எலிவளைகள் இருக்கின்றனவா என்று முழு நீளமும் கால்நடையாக நடந்து பார்த்த பிறகு, நேர்க்கோட்டில் 300 கெஜம், முக்கால் வேகம். முன்னதாக 25 நிமிடம் உடலைச் சூடாக்குவோம். முடிவில் கடிவாளத்தை இழுத்து நிறுத்தாமல் அதுவாகவே வேகம் தணிய விடுவோம். பத்து நாளுக்கு ஒருமுறைக்கு மேல் இதைச் செய்யவில்லை. குவார்ட்டர் குதிரைக்கு விரைவோட்டத் தசைநார்கள் பிறவியிலேயே மிகுதி. வேகத்தைக் கற்றுத்தர வேண்டியதில்லை, துருப்பிடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மே மாத நடுவில் அந்தப் பெண் முதல் சோதனை ஓட்டத்தை ஓட்டினாள். நேரம் சென்ற இலையுதிர் காலத்து நேரத்தைவிடக் கூடவுமில்லை, குறையவுமில்லை. மூன்றாவது பீப்பாயில் அகன்று போகவில்லை. ஓட்டம் முடிந்து 10 நிமிடத்தில் நாடி 60-க்கு இறங்கியது. மறுநாள் காலையில் நான்கு கால்களும் குளிர்ந்து இறுகியிருந்தன. மறுநாள் காலைச் சோதனைதான் எனக்கு வேண்டியிருந்த முடிவு.

இனிக் கோடை. ஃபாரன்ஹீட் வெப்பத்தையும் ஈரப்பத விழுக்காட்டையும் கூட்டி, 130-க்குள் இருந்தால் கவலையின்றி ஓட்டுகிறோம். 150-ஐத் தாண்டி அதில் பாதிக்கு மேல் ஈரப்பதமாக இருந்தால் நடை மட்டும். 180-ஐத் தாண்டினால் குதிரையைத் தொடுவதில்லை. வைஸ் கவுண்டியின் ஜூலையில் இது விடியற்காலைச் சவாரி என்றே பொருள்படும். திரும்பியதும் குளிர்ந்த நீரை உடல் முழுவதும் நிறுத்தாமல் ஊற்றுகிறோம். சூடான தசையில் குளிர்நீர் பட்டால் பிடித்துக்கொள்ளும் என்ற பழைய அச்சத்துக்கு ஆதாரமில்லை என்று 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கை ஒட்டி நடந்த ஆய்வுகள் காட்டிவிட்டன. வலக்கால் லோப் இப்போது கால் மைல்வரை நிற்கிறது, ஆனால் இறக்கத்துக்குப் பின் எடுத்தால் இன்னும் மாற்றிக்கொள்கிறது. பின் வலக்கால் ஹாக்கில் ஏதேனும் இருக்கிறதா என்று அடுத்த லாட மாற்றத்துக்கு முன் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும்படி மருத்துவரிடம் நாள் கேட்டிருக்கிறோம். அதுவரை அந்தச் சரிவில் நடை மட்டுமே.